இலை கொடுத்தால் வரும் வண்ணத்துப்பூச்சி

"முற்றம் நிறையப் பூச்செடிகள் நட்டிருக்கிறோம். வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன, தேனுண்கின்றன, அடுத்த கணமே வேலியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவை எங்கள் வளவிலேயே தங்கிப் பெருகுவதற்கு வழியுண்டா? புழு பூச்சியாகும் அதிசயத்தை வீட்டிலேயே காண முடியுமா?" என வடமராட்சியிலிருந்து மாணவி ஒருத்தி வினவியிருக்கிறாள்.

நல்ல வினா. அதற்குரிய விடை அம் மாணவிக்கு மட்டுமன்றி, குடாநாட்டில் வளவும் கிணறும் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படத்தக்கது. சுருங்கச் சொல்வதாயின், பூவை மட்டும் நட்டாற் போதாது; இலையையும் நடல் வேண்டும். நட்ட இலையை ஒரு சிற்றுயிர் தின்பதைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். முன்னது எளிது. பின்னதற்கே மனம் பழக வேண்டும்.

பூவும் இலையும்

வண்ணத்துப்பூச்சியின் வாழ்வு நான்கு நிலைகளையுடையது: முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. தேனுண்பது இறுதி நிலையில் மட்டுமே. புழுவுக்கு வாய் இருப்பது இலையைக் கடிப்பதற்கு. பூச்சிக்கு வாய் இருப்பது தேனை உறிஞ்சுவதற்கு. ஆதலின் பூவுள்ள இடம் அதற்கு ஒரு சாப்பாட்டுக்கடை போன்றது. பசி தீர்ந்ததும் போய்விடும். முட்டையிடுவதற்கு உரிய இலையுள்ள இடமே அதன் பிறந்தகம்.

எந்த இலையும் ஆகாது. ஒவ்வோர் இனமும் சில செடிகளையே தன் குஞ்சுகளுக்கு உணவாகத் தெரிந்துகொள்கிறது. பெண்பூச்சி ஒரு செடியை அணுகி, இலை மீது அமர்ந்து, முன்கால்களால் அதனைத் தட்டித் தட்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அக்கால்களிலே சுவையறியும் நுண்ணுறுப்புகள் உள. இலையின் சாற்றைக் காலாலேயே சுவைத்து, தன் பிள்ளைக்கு உகந்ததுதான் எனத் தெளிந்த பின்னரே முட்டையை வைக்கிறது. தவறான செடியில் முட்டையிட்டால் புழு பட்டினியால் மடியும்; அது வேறு செடி தேடிப் போகுந் திறனற்றது.

ஆகவே வளவுக்கு வண்ணத்துப்பூச்சியை அழைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பூவை நடுவது?" என்பதன்று, "எந்த இலையை விட்டுவைப்பது?" என்பதே.

எந்த இலைக்கு எந்தப் பூச்சி

இலங்கையில் 240க்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள. அவற்றை ஆராய்ந்தெழுதும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பிரெடரிக் மூர் என்பார் 1880ஆம் ஆண்டு முதல் 1887ஆம் ஆண்டு வரை வெளியிட்ட பெருநூலுக்குப் படந் தீட்டியவர்கள் இந்நாட்டவரான டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர். பூச்சியை மட்டுமன்றி, புழுவையும் கூட்டுப்புழுவையும் அவை உண்ணுஞ் செடியோடு சேர்த்து அவர்கள் வரைந்தனர். பின்னர் 1924இல் ஓமிஸ்ரனும், 1942இல் இலங்கை நிலஅளவைத் தலைவராயிருந்த வூட்ஹவுசும் ஹென்றியும் நூல்கள் தந்தனர். 2016இல் வான் டெர் பூர்ட்டன் தம்பதியர் வெளியிட்ட நூல் இத்துறையில் இக்காலத்துப் பெருநூலாகும். இந்நூல்களிலே கூறப்படும் செடிகளுட் பல, நம் வேலியோரத்தில் நாம் நாளும் கண்டு கடந்து செல்வனவே.

தேசிமரத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பும் இளமஞ்சளும் கலந்த திட்டுகளுடன், பின்சிறகில் ஒரு செங்கண் போன்ற பொட்டுடன், ஓயாது படபடத்துப் பறக்கும் பூச்சியொன்று அதன் இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். தமிழகத்துப் பூச்சி ஆர்வலர் இதனை எலுமிச்சை அழகி என அழைக்கின்றனர். தேசி மட்டுமன்று, தோடை, நாரத்தை, விளா, வில்வம் ஆகியனவும் இதற்கு உகந்தன. கோயில் வீதியில் வில்வமரம் நிற்குமாயின் அங்கேயும் தேடிப் பாருங்கள்.

கிணற்றடிக் கறிவேப்பிலையில் இதன் உறவினர் ஒருவர் வாழ்கிறார். ஆண்பூச்சி கருநிறம், பின்சிறகிலே வெண்புள்ளிகள் ஒரு வரிசையாக அமைந்திருக்கும். பெண்பூச்சியோ மூன்று வேடங்களில் வரும். ஒருவகை ஆணைப் போன்றது. மற்றைய இருவகையும், பறவைகள் தின்ன அஞ்சும் நச்சுப் பூச்சிகள் இரண்டின் கோலத்தைப் பூண்டவை. அவற்றுள் ஒன்று செவ்வுடலும் கருஞ்சிறகுமுடையது. பின்சிறகிற் செம்பொட்டுகள் திகழும். அந்த உண்மையான நச்சுப் பூச்சி ஆடுதின்னாப்பாளையிலும் அதன் இனத்துக் கொடியான ஈசுரமூலியிலும் வளர்வது. ஆடும் தின்னாத அவ்விலையைத் தின்று, அதன் நஞ்சைத் தன்னுடலில் தேக்கிக்கொள்ளும். கறிவேப்பிலைப் பூச்சிக்கு நஞ்சில்லை; வேடம் மட்டுமே உண்டு. ஆனாலும் புலுனியும் காகமும் ஏமாந்து விலகிவிடுகின்றன. அல்பிரட் றசல் வாலஸ் என்ற பேரறிஞர் இப்பூச்சியின் மூன்று வேடங்களை 1865ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவ்வேடங்களை ஒரே ஒரு மரபணு ஆள்கின்றதென 2014இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். நூற்றைம்பது ஆண்டு விடையறியாது நின்ற ஒரு வினா, நம் கறிவேப்பிலைக் கொத்திலே குடியிருந்திருக்கிறது!

எருக்கலையை யாரும் நடுவதில்லை, தானே முளைக்கும். வெந்தய நிறச் சிறகும் கறுப்பு விளிம்பும் கொண்டு, அவசரமின்றிப் பறக்கும் பூச்சி அதற்குரியது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள் அணிந்த அதன் புழுவின் முதுகில் மூன்று சோடிக் கரிய இழைகள் நீண்டிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சே இதற்கும் காப்பு. ஒருமுறை விழுங்கிய பறவை வாந்தியெடுத்து, மறுமுறை அந்நிறத்தைக் கண்டாலே விலகும். அது விரையாமற் பறப்பதன் காரணம் இதுவே.

கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகளையுடைய பூச்சிக்குக் குறிஞ்சா வேண்டும். நாம் வறை செய்து உண்ணும் அதே குறிஞ்சாதான். வீட்டுக்குப் பறித்தபின் ஒரு கொடியை மேலே ஏறவிட்டால் இருவருக்கும் போதும். விழுதிச் செடியும் அத்தகையதே. வெள்ளைச் சிறகின் நுனியிலே செம்மையோ செம்மஞ்சளோ தீட்டியதுபோன்ற சிறு பூச்சிகள் அதிலே வளர்கின்றன. அவை வறண்ட வடபுலத்துக்கே உரிய அழகு. மலைநாட்டுக் குளிரில் வாழ்வோர் அவற்றைக் காண்பதரிது.

அலரியிலே பழுப்புக் கறுப்புப் பூச்சியொன்று முட்டையிடும். அதன் கூட்டுப்புழு வெள்ளித்தகடு போர்த்தாற்போல ஒளிவீசுவது. இலையின் கீழே தொங்கும்போது காதணியோ என ஐயுறுவீர்கள். கொன்றையிலும் ஆவரசிலும் இளமஞ்சட் பூச்சிகள் பெருகும். ஆமணக்கு, அகத்தி, மாவிலை, தென்னோலை, மாமரத்துக் குருவிச்சை என ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மாவிலையை உண்ணும் புழு, இருமருங்கும் பச்சை இறகு விரித்தாற்போன்ற முட்களுடன் நடுநரம்பின் மேல் நீளப் படுத்துக்கொள்ளும். விரலால் தொடுமளவு கிட்டப் போனாலும் கண்ணுக்குப் புலப்படாது.

கொன்றைப் பூச்சிகள் கூட்டங் கூட்டமாக இடம்பெயர்வன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிகழும் இப்பெயர்ச்சிகளைத் தொகுத்து சி. பி. வில்லியம்ஸ் என்பார் 1927இல் ஆய்வுரையொன்று வெளியிட்டார். சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் வழங்கும் சமனலகந்த என்ற பெயருக்கு வண்ணத்துப்பூச்சி மலை என்று பொருள் கூறுவர். யாத்திரைக் காலத்தில் அப்பூச்சிகளும் மலையை நோக்கிப் போகின்றன என்பது மக்கள் நம்பிக்கை.

தேனும் ஈரமும்

இலை கிடைத்தபின் தேனுக்கும் வழி செய்யலாம். வெட்சியும் பட்டிப்பூவும் எளிதில் வளர்வன. துளசியையும் பூக்கவிட்டாற் சிறு பூச்சிகள் நாடும். தேள்கொடுக்கியையும் கிலுகிலுப்பையையும் களையென்று பிடுங்கிவிடாதீர்கள். நீலக்கோட்டுப் பூச்சியும் எருக்கம்பூச்சியும், சிறப்பாக அவற்றின் ஆண்கள், அச்செடிகளின் வாடிய தண்டிலும் இலையிலும் மொய்த்து ஒருவகைச் சாற்றை உறிஞ்சும். துணையைக் கவரும் மணத்தை அச்சாற்றினின்றே அவை ஆக்கிக்கொள்கின்றன. தோட்டங்களிலே பசளைக்காக விதைக்கும் சணலும் கிலுகிலுப்பையின் இனமே.

ஆண்பூச்சிகளுக்கு உப்பும் தேவை. ஈரமண்ணில் வரிசையாக அமர்ந்து நீருறிஞ்சுவது அதற்காகவே. கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கு ஓடும் வாய்க்கால் அவற்றுக்கு நல்ல இடம். குழாய் நீரே பாவிக்கும் வீடுகளில், ஒரு தட்டிலே மணலை நிரப்பி நாளும் நனைத்துவைத்தாற் போதும். நீர் தேங்கி நிற்கலாகாது. நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சலுக்கு இடமாகும். மணல் ஈரமாக இருந்தாற் போதும். மேலே நீர் நிற்கத் தேவையில்லை.

தேசிமரத்தடி வழக்கு

இனி வீட்டுக்குள் எழும் வழக்குக்கு வருவோம். ஆசையாய் நட்ட தேசிக்கன்று தளிர்க்கிறது. ஒரு வாரத்தில் தளிரெல்லாம் காணாமற் போகிறது. வீட்டுத்தலைவி மருந்துப் போத்தலைத் தேடுகிறார். பிள்ளை புழுவைத் தேடுகிறது. யார் பக்கம் நியாயம்?

இரு பக்கமும் உண்டு. சிறு கன்றுக்குப் புழுவால் உண்மையிலேயே ஊறுண்டு. நாற்றுமேடையில் நான்கைந்து புழுக்களே கன்றை மொட்டையாக்கிவிடும். வளர்ந்த மரத்துக்கோ அதனால் பெருங்கேடில்லை. உண்ட தளிருக்கு மாறாகப் புதுத்தளிர் வரும், காய்ப்பு நின்றுபோவதில்லை. ஆதலால் கன்றைச் சிறு வலைத்துணியாற் போர்த்துவிடுங்கள். அதிலே கண்ட புழுவைக் கையாலெடுத்துப் பழைய தேசியிலோ நாரத்தையிலோ விடுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு மருந்து தெளிக்க வேண்டிய தேவையில்லை.

மருந்து, கண்ட புழுவை மட்டும் கொல்வதில்லை. அதனைத் தின்னும் குளவியையும், பூவுக்கு வந்த தேனீயையும் சேர்த்தே கொல்லும். நமது நிலம் சுண்ணாம்புக் கல் நிலம். இங்கே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. மேலே தெளித்தது மழையோடு கீழே இறங்க அதிக காலம் வேண்டியதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்தடிப்பவர் பிழைப்புக்காக அடிக்கிறார். ஒரு தேசிமரத்துக்காக நம் கிணற்றோரத்தில் நாமும் அடிக்கத்தான் வேண்டுமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

எல்லா வண்ணத்துப்பூச்சியும் தீங்கற்றதென்று சொல்ல வரவில்லை. மாதுளங்காயைத் துளைத்து உள்ளே அழுகச் செய்வதும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுவே. பூச்சி காயின் மேல் முட்டையிடும். புழு உட்புகுந்துவிட்டால் எம்மருந்தும் எட்டாது. பிஞ்சாக இருக்கும்போதே காய்க்குத் துணிப்பை கட்டுவது அதற்குரிய வழி. பாட்டிமார் பலர் இதனை எவரும் சொல்லாமலே செய்துவந்தனர்.

மயிர்க்கொட்டி அச்சம்

புழுவென்றாலே நம் வீடுகளில் மயிர்க்கொட்டியின் நினைவு எழும். மாரிக்காலத்தில் முருங்கைமரத்தடியிற் கம்பளம் விரித்தாற்போல் அப்பிக்கொண்டிருக்கும் அப்புழுக்கள் மேலிற் பட்டால் தடிப்பும் கடியும் உண்டாவது உண்மை. அவை அந்துப்பூச்சியின் புழுக்கள். மேலே நாம் கூறிய தேசி, கறிவேப்பிலை, எருக்கலை, குறிஞ்சாப் புழுக்களுக்குக் கொட்டும் மயிரில்லை. தேசிப்புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரு கிளைக் கொம்பொன்றை நீட்டி ஒரு நெடியை வீசும். அதன் படைக்கலம் அவ்வளவே. நம்மை ஒன்றுஞ் செய்யாது.

எச்சரிக்கை வேண்டியது புழுவிடமன்று, செடியிடம். எருக்கம்பால் கண்ணிற் பட்டால் பெருங்கேடு விளையும். அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. இவ்விலைகளைச் சிறுவர் தாமே பறித்தலாகாது. பெரியவர் பறித்துக் கொடுத்துக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். முதன்முதலாகப் புழு வளர்ப்போர் தேசி, கறிவேப்பிலைப் புழுக்களோடு தொடங்குவதே நலம்.

போத்தலில் ஒரு புழு

மாணவர்க்கான பகுதி இது. அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலொன்றும், அதன் வாயைக் கட்ட மெல்லிய துணியும் தேவை. மூடியால் இறுக்கி அடைக்காதீர்கள். தேசித் தளிரில் கடுகளவான இளமஞ்சள் முட்டையைக் கண்டால் சிறு கொப்போடு எடுங்கள். கொப்பின் அடியை நீருள்ள ஒரு சிறு குப்பியிற் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சினால் அடையுங்கள். இல்லையேல் புழு இறங்கி நீரில் விழுந்துவிடும்.

மூன்று நான்கு நாளில் முட்டை பொரிக்கும். பிறந்த புழு முதலில் உண்பது தன் முட்டையோட்டையே. பின்னர் இலைக்குத் திரும்பும். இளம்புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவையின் எச்சம் போலிருக்கும். எச்சத்தை எப்பறவை தின்னும்? நான்கு முறை தோல் கழற்றியபின் பச்சைநிறம் பெறும். தோல் கழற்றுமுன் ஒருநாள் உண்ணாமல் அசையாமல் இருக்கும். நோயென்றெண்ணித் தொட்டுவிடாதீர்கள். நாளும் புது இலை வையுங்கள், எச்சத்தை அகற்றுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், எறும்பு ஏறாமற் பாருங்கள். முசுறு ஒன்று வழி கண்டுவிட்டால் போத்தல் காலியாகும்.

இரண்டு அல்லது மூன்று வாரத்தில் புழு உணவை விட்டு அங்குமிங்கும் அலையும். அப்போது சாய்வாக ஒரு குச்சியை வையுங்கள். குச்சியிலே பட்டுநூலாற் சிறு மெத்தையிட்டு, வாலை அதில் ஊன்றி, முதுகைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, தென்னை ஏறுபவர் இடுப்பில் வடம் கட்டிச் சாய்ந்தாற்போலச் சாயும். எருக்கலைப் புழுவாயின் தலைகீழாய்த் தொங்கும். மறுநாள் கடைசித் தோல் கழன்று கூட்டுப்புழு தோன்றும். கூட்டுப்புழு என்று நாம் சொன்னாலும் இங்கே கூடு கட்டப்படுவதில்லை. பட்டுப்பூச்சிதான் கூடு நூற்பது. வண்ணத்துப்பூச்சிக்குத் தன் தோலே கூடு. அது பசிய இலைகளிடையே அமைந்தாற் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் அமைந்தாற் பழுப்பாகவும் பெரும்பாலும் அமையும்.

எட்டுப் பத்து நாளில் தோல் கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடித்த சிறகின் நிறம் தெரியும். அடுத்த நாட்காலையில் விழித்திருங்கள். தோல் வெடிக்கும், ஈரமான கசங்கிய பூச்சி வெளிவந்து தொங்கும், உடற்குருதியைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி மெல்ல மெல்ல விரிக்கும். இரண்டாகப் பிரிந்திருக்கும் உறிஞ்சுகுழலை ஒன்றாகப் பொருத்திச் சுருட்டிப் பார்க்கும். செந்நிறத் துளியொன்று விழுந்தால் அஞ்ச வேண்டாம். அது குருதியன்று, கூட்டுப்பருவத்தின் கழிவு. இரக்கப்பட்டுத் தோலைக் கிழித்து உதவ முற்படாதீர்கள். உரிய வேளைக்குமுன் வெளிவந்த பூச்சி சிறகு விரியாது முடமாகும். இரண்டு மணி நேரத்தில் சிறகு உலர்ந்ததும் முற்றத்திற் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அதனைக் குத்திவைத்துச் சேகரிக்க வேண்டியதில்லை. கைபேசியிலெடுத்த படமும், நாள்தோறும் எழுதிய குறிப்பேடுமே போதிய சேகரிப்பு.

கூட்டினுள் நிகழ்வது என்ன?

அசையாத அத்தோலினுள்ளே நிகழ்வதை மனிதர் அறிந்துகொள்ள நெடுங்காலஞ் சென்றது. சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமே பிறக்கின்றனவென்று ஐரோப்பியரும் நம்பியிருந்தனர். ஒல்லாந்தரான சுவாமர்டாம் 1669இல், புழுவின் உடலினுள்ளேயே சிறகின் மூலங்கள் ஒளிந்திருப்பதை அறுத்துக் காட்டினார். மரியா சிபில்லா மேரியன் என்ற பெண்மணி தென்னமெரிக்கச் சூரினாமுக்குக் கடல்கடந்து சென்று, புழுவையும் பூச்சியையும் அவை உண்ணுஞ் செடியோடு வரைந்து 1705இல் நூலாக்கினார்.

புழுவின் தசையும் குடலும் பெரும்பாலும் கரைந்து போகின்றன. பிறந்த நாள்முதல் உறங்கிக் கிடந்த சிறுசிறு உயிரணுக் குவியல்கள் விழித்தெழுந்து, கரைந்ததையே உணவாகக் கொண்டு, சிறகையும் நீண்ட காலையும் கூட்டுக்கண்ணையும் ஆக்குகின்றன. இதற்கு ஆணையிடுவது ஒரு சுரப்புநீர். ஜெர்மன் அறிஞர் பூட்டநான்டும் கார்ல்சனும் 1954இல் அதனைப் பிரித்தெடுத்தபோது, 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம் மட்டுமே! அவ்வளவு சிறிய அளவே ஒரு வாழ்வை மறுவாழ்வாக்குகிறது.

எல்லாம் கரைந்தால் நினைவும் கரையுமா? அமெரிக்க ஆராய்ச்சியாளர் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு ஒரு மணத்தோடு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து அம்மணத்தை வெறுக்கப் பழக்கினர். வளர்ச்சியின் கடைசிக் கட்டத்திற் பழகிய புழுக்கள் பூச்சியானபின்பும் அம்மணத்தை விலக்கின என்பதை 2008இல் வெளியிட்டனர். உருவம் முற்றும் மாறினும் மூளையின் ஒரு பகுதி தொடர்ந்திருப்பதாலே இது நிகழ்கிறது.

நம் முன்னோரும் புழுவின் மாற்றத்தைக் கண்டு வியந்தவரே. வேட்டுவக் குளவி புழுவைக் கொணர்ந்து கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்குகிறது என்ற உவமை, குருவருளால் உயிர் மாறுவதை விளக்கச் சைவநூல்களில் ஆளப்பட்டது. உவமை உணர்த்தும் பொருள் உயர்ந்தது; இயற்கையில் நிகழ்வதோ வேறு. சுவர்மூலையிலே மண்கூடு கட்டும் குளவி, புழுவை உணர்விழக்கச் செய்து உள்ளே அடைத்து முட்டையிடுகிறது. குளவிக்குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து வெளிவருகிறது. நீங்கள் வளர்க்கும் கூட்டுப்புழுவிலிருந்தும் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிப்படக்கூடும். பிள்ளைகள் அழுவார்கள். தோட்டத்தை மருந்தின்றிக் காப்பவை அக்குளவிகளே என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வேலியும் மதிலும்

இவ்வளவு செடிகளும் நம் ஊரில் முன்பு எங்கே நின்றன? வேலியில். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற உயிர்வேலியிற் குறிஞ்சாவும் கோவையும் முடக்கொத்தானும் படர்ந்தன. அடியில் ஆடாதோடையும் எருக்கலையும் முளைத்தன. ஒழுங்கை நெடுக அது ஒரு தொடர்ந்த காடு. ஒரு வளவிற் பிறந்த பூச்சி மறு வளவுக்கு நிழலிலேயே போய்ச் சேர்ந்தது. இன்று வேலி இருந்த இடத்தில் மதில் எழுகின்றது. மதிலுக்கும் காரணமுண்டு, கதியால் வெட்டவும் கிடுகு கட்டவும் ஆளில்லை, எல்லைச் சண்டையும் ஓய்கிறது. ஆயினும் மதிலில் முட்டையிட எந்தப் பூச்சியாலும் இயலாது.

1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுட் பலர், 2009க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட வேளை திரும்பிவந்து கண்டது, கூரையற்ற சுவர்களையும் அவற்றைச் சூழ்ந்த பற்றையையும். அப்பற்றையை வெட்டாமல் வீடு கட்ட முடியாது; பாம்பும் இருக்கும். எவரும் அதைக் குறைகூறார். நாம் வேண்டுவது ஒன்றே: முழுவதையும் இயந்திரத்தால் வழித்தெறியுமுன், வளவின் பின்மூலையில் நான்கு முழ நிலத்தை அப்படியே விடுங்கள். ஓர் எருக்கலை, ஓர் ஆவரசு, ஒரு குறிஞ்சாக் கொடி நிற்கட்டும். மதில் கட்டிவிட்டவர் அதன்மேற் குறிஞ்சாவை ஏறவிடலாம். மதிலும் வெயிலிற் கொதிக்காது. மாடிவீட்டார் சாடியிற் கறிவேப்பிலை வளர்க்கலாம். பாடசாலைகளில் வேலியோரத்து ஒரு பாத்தியை மாணவர் பொறுப்பில் விடலாம்.

தமிழ்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டு தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலப் பூச்சியாக அறிவித்தது. நமது நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி, பொன்னிறப் பின்சிறகுடைய ஒரு பெரும்பூச்சி. ஈரவலயக் காடுகளே அதன் பெருவாழ்விடம். ஆனால் அதன் புழு உண்பது நம் ஆடுதின்னாப்பாளையின் இனத்துக் கொடியையே. நம் செவ்வுடற் பூச்சி அதற்கு உறவுமுறை. பெரிய உறவினரைக் காணச் சிங்கராஜக் காட்டுக்குப் போகலாம். சிறிய உறவினரைக் காண வேலிக்கரைக்குப் போனாற் போதும்.

என்ன செய்வது, எப்போது?

ஐப்பசியில் மழை தொடங்குமுன் கன்றுகளையும் கொடிகளையும் நட்டுவிடுங்கள். கார்த்திகைத் தளிரில் முட்டை தேடுங்கள். மார்கழி, தை மாதங்களில் வளவு நிறையப் பூச்சிகளைக் காணலாம். கோடையிற் செடி வாடாதிருக்கக் குளித்த நீரை வாய்க்கால் வழி திருப்பிவிடுங்கள். கடையிற் கன்று வாங்குவோர், மருந்தடித்த கன்றாயின் சில வாரம் தனியே வைத்து, புதிய தளிர் வந்தபின்னரே புழுவுக்கு அதன் இலையைக் கொடுங்கள்.

மாணவிக்கு ஒரு வார்த்தை. தங்கச்சி, வீட்டுக் கறிவேப்பிலை மரத்தை நாளைக் காலையிற் பார். ஓட்டை விழுந்த இலை இருக்குமாயின் அதன் கீழே குனிந்து பார். அம்மா கேட்டால், குழம்புக்கு எட்டும் கொப்பு வீட்டுக்கும், எட்டாத கொப்பு பூச்சிக்கும் என்று சமரசம் செய்துகொள். குறிப்பேட்டில் முதல் நாளின் திகதியை எழுது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் உன் வினாவுக்குரிய விடை உன் கையிலிருந்தே பறந்து செல்லும்.